கதையை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி? வகுப்பறைக்கும் ஊர் நூலகத்துக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆறாம் வகுப்பிலிருந்தே தமிழ்ப் பாடநூலில் விரிவானம் என்று ஒரு பகுதி வருகிறது. பல பள்ளிகளில் அது தேர்வுக்கு முந்தின வாரம் ஒரே மூச்சில் முடிந்துவிடும். ஆசிரியர் கதைச் சுருக்கத்தைப் பலகையில் எழுதுவார், பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள், நெடுவினாவுக்கு விடை தயார். கதைதான் யாருக்கும் போய்ச் சேராது.

அந்தக் கதைகளையும் பாடநூலுக்கு வெளியே கிடைக்கும் கதைகளையும் தமிழ் வகுப்பிலும், அறிவியல், சமூக அறிவியல் வகுப்பிலும், கிளை நூலகத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும் எப்படிக் கையாள்வது என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறோம். எடுத்துக்காட்டுகள் எல்லாம் மதுரை, மேலூர், திருமங்கலம் வட்டாரத்தில் 6 முதல் 9 வரை படிக்கிற பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கதைக்குள் பாடத்தை ஒளித்துவைத்து ஊட்டும் வேலை பலிக்காது. "அப்பா, ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?" என்று மகன் கேட்க, அப்பா அரைப் பக்கம் விளக்குகிற கதைகளை எல்லோரும் பார்த்திருப்போம். பிள்ளைகள் மூன்றாவது வரியிலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள். கதையில் வரும் ஆளுக்கு ஒரு முடிவு எடுத்தே தீர வேண்டிய நெருக்கடி வர வேண்டும், அந்த முடிவை எடுக்கப் பாடம் தேவைப்பட வேண்டும். இது அமைந்துவிட்டால் மற்றது தானாக நடக்கும்.

படி 1: முதலில் கேள்வி, அப்புறம் கதை

நல்ல கதை ஒன்று கையில் கிடைத்தது, அதை எந்தப் பாடத்தில் நுழைக்கலாம் என்று தேடுவதுதான் வழக்கம். அதைத் திருப்பிப் போடுங்கள். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். "அழுத்தம் ஆழத்தோடு கூடும் என்று ஒப்பிக்கிறார்கள், ஆனால் கண்மாய்க் கரை ஏன் அடியில் அகலமாக இருக்கிறது என்றால் விழிக்கிறார்கள்." இப்படி எழுதினால் தேட வேண்டிய கதை எதுவென்று தெரிந்துவிடும். "நீர்வளம் பற்றிய விழிப்புணர்வு" என்று எழுதினால் எந்தக் கதையும் பொருந்தும், எதுவும் உதவாது.

ஒரு கதைக்கு ஒரு கேள்வி போதும். ஒரே கதையில் இலக்கணம், சுற்றுச்சூழல், நன்னெறி மூன்றையும் கறந்துவிடப் பார்த்தால் மூன்றும் மேலோட்டமாகவே நிற்கும்.

படி 2: கதையைத் தேர்ந்தெடுத்தல்

நீளம் முக்கியம். நிதானமாகச் சத்தம்போட்டு வாசித்தால் நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் போகும். 45 நிமிடப் பாடவேளையில் வாசிப்புக்கு 10 நிமிடத்துக்கு மேல் கொடுக்க முடியாது. ஆகவே 700 முதல் 900 சொல் வரை உள்ள கதையே ஏற்றது. அதைவிட நீளமான சிறுகதையை இரண்டு பாடவேளையாகப் பிரிக்கலாம். நாவல் என்றால் ஒரு காட்சியை மட்டும் வெட்டி எடுத்து, அதற்கு முன் நடந்ததை நான்கு வரியில் வாய்ச்சொல்லாகச் சொல்லிவிடுங்கள். கதையைச் சுருக்கி எழுதிக் கொடுப்பதை மட்டும் தவிருங்கள். சுருக்கத்தில் சம்பவம் மிஞ்சும், ஆள் காணாமல் போய்விடுவார்.

வட்டார வழக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். நாஞ்சில் நாட்டுப் பேச்சோ கொங்குப் பேச்சோ வந்தால் மேலூர்ப் பிள்ளைகள் முதல் பக்கத்தில் திணறத்தான் செய்வார்கள். காரணம் எழுத்துதான். காதில் விழுந்தால் புரிந்துவிடும். அதனால் அப்படிப்பட்ட கதையின் முதல் பக்கத்தை எப்போதும் ஆசிரியரே வாசிக்க வேண்டும். "நம்ம ஊர்ல இதை எப்படிச் சொல்லுவாய்ங்க?" என்று ஒரே ஒரு இடத்தில் கேட்டால் போதும், வகுப்பு கதைக்குள் வந்துவிடும். உரையாடலைத் திருத்தமான தமிழுக்கு மாற்றி வாசிக்கும் ஆசிரியர்கள் உண்டு. அப்படி வாசித்தால் கதையில் எல்லோரும் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசுவார்கள்.

சாதிப் பெயர், பட்டப்பெயர், ஆளின் நிறம், உடல் குறை ஆகியவற்றை வைத்து வசவு வரும் கதைகளைத் தேர்வின்போதே இரண்டு தடவை வாசியுங்கள். நம் பக்கத்துப் பள்ளிகளில் கையில் கட்டுகிற கயிற்றின் நிறம்கூடப் பேசும். கதையில் வரும் ஒரு தெருவின் பெயரை வைத்தே அது யாரைக் குறிக்கிறது என்று வகுப்பு கண்டுபிடித்துவிடும், சிரிப்பு ஒரு பெஞ்சைப் பார்த்துத் திரும்பும். இதற்காக அந்தக் கதைகளை ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. அவற்றைப் பேச வேண்டிய இடம் வகுப்பறைதான். ஆனால் அது வருடத்தின் முதல் கதையாக இருக்கக் கூடாது. வகுப்பு ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கப் பழகிய பிறகே அவை வர வேண்டும். அப்போதும் "உங்கள் ஊரில் இப்படி நடந்தது உண்டா?" என்று பொதுவில் கேட்காதீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையை நாற்பது பேர் முன்னால் சாட்சி சொல்லச் சொல்வதாக அது ஆகிவிடும்.

கதை கிடைக்குமிடங்கள் ஏராளம். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையில் இருக்கின்றன. ஒரே வகுப்பில் தடுமாறி வாசிப்பவரும் சரளமாக வாசிப்பவரும் கலந்திருந்தால் இவை கைகொடுக்கும். இணையத்தில் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிட்டுக் கொடுக்கவும் உரிமம் உண்டு. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் எடுத்துக்கொள்ளலாம். மதுரைக்காரர்களுக்குப் புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அங்கே சிறுவர் பிரிவில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் ஒரு பருவத்துக்கான கதைகளைக் குறித்துக்கொண்டு வரலாம்.

நகல் எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதை 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. முழுப் புத்தகத்தையும் படியெடுத்து விற்பது வேறு கதை, அதில் இறங்க வேண்டாம். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு கடந்துவிட்டால் பதிப்புரிமையே முடிந்துவிடும்.

படி 3: முந்தின நாள் தயாரிப்பு

கதையை வீட்டில் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். மனதுக்குள் வாசிப்பது கணக்கில் சேராது. நாக்கு எங்கே சிக்குகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்பது சத்தமாக வாசித்தால்தான் தெரியும். பென்சிலால் இரண்டே இடத்தில் கோடு போடுங்கள். ஒன்று, கதையில் வரும் ஆள் மாட்டிக்கொள்ளும் இடம். இன்னொன்று, அவர் முடிவெடுப்பதற்குச் சற்று முந்தின வரி. இந்த இரண்டாம் கோட்டில்தான் வாசிப்பை நிறுத்தப் போகிறீர்கள். மூன்று, நான்கு இடத்தில் நிறுத்தினால் கதை அறுந்துவிடும்.

பிள்ளைகளுக்குத் தெரியாத சொற்களில் கதை புரிவதற்கு அவசியமானவற்றை மட்டும் எடுத்து எழுதுங்கள். ஐந்துக்கு மேல் போனால் அந்தக் கதை அந்த வகுப்புக்கு உரியதல்ல. இந்த ஐந்தையும் வாசிப்புக்கு முன் பலகையில் எழுதி, சொல்லுக்கொரு வாக்கியத்தில் பொருள் சொல்லிவிடுங்கள். நடுவில் நிறுத்தி அகராதி சொல்லக் கூடாது.

35 பேர் இருந்தால் நாலு பேருக்கு ஒரு படி என்று 9 படி போதும். 14 அளவு எழுத்தில், தாளின் இரு பக்கமும் அச்சிடலாம். ஆனால் கோடு போட்ட இடத்துக்கு அப்புறம் உள்ள பகுதி தனித்தாளில் இருக்கட்டும். முழுக் கதையையும் முதலிலேயே கொடுத்துவிட்டால், நீங்கள் முதல் பத்தியில் இருக்கும்போதே நாலு பேர் கடைசிப் பத்தியை முடித்திருப்பார்கள்.

படி 4: 45 நிமிடம் எப்படிப் போக வேண்டும்

முதல் 4 நிமிடத்தில் ஐந்து சொற்களும் கதை நடக்கும் இடமும். அடுத்த 10 நிமிடம் வாசிப்பு. ஆளுக்கொரு பத்தி என்று வரிசையாக வாசிக்கச் சொல்லும் பழக்கத்தை இதில் விட்டுவிடுங்கள். தன் பத்தி எது என்று எண்ணிப் பார்த்து அதை மட்டும் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு மற்றவர் வாசிப்பது காதில் ஏறாது. தடுமாறும் பிள்ளைக்கு அவமானம்தான் மிஞ்சும். ஆசிரியர் வாசிக்கட்டும். உரையாடல்களை மட்டும், முந்தின நாளே சொல்லிவைத்த இரண்டு பேர் வாசிக்கட்டும்.

இரண்டாம் கோட்டில் நிறுத்தியதும் உடனே "யாராவது சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். எப்போதும் கை தூக்கும் அதே ஐந்து பேர்தான் தூக்குவார்கள். 3 நிமிடம் பேச்சில்லாமல் எல்லோரும் எழுத வேண்டும்: அந்த ஆள் இப்போது என்ன செய்ய வேண்டும், ஏன்? இரண்டே வரி. அடுத்த 5 நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுப் பேச வேண்டும். அதன் பிறகு 12 நிமிடம் வகுப்பு முழுவதும் பேசலாம். எழுதி, பக்கத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்த பிறகு பேசாத பிள்ளையும் வாய் திறக்கும். காலியாகத் தோன்றும் அந்த 3 நிமிடத்தைச் சேமிக்கலாம் என்று நினைத்தால் மீதி வகுப்பு வீணாகப் போய்விடும்.

மிச்சத்தில் 4 நிமிடம் கதையின் முடிவை வாசிக்க, 7 நிமிடம் பாடத்தோடு கோக்க. "இந்தக் கதையின் நீதி என்ன?" என்ற கேள்வி எங்கேயும் வேண்டாம். அதற்கு ஒரே ஒரு விடைதான் எதிர்பார்க்கப்படுகிறது என்பது இரண்டாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளுக்குத் தெரியும். "பெரியோர் சொல் கேட்க வேண்டும் சார்" என்று கோரஸ் வரும், பேச்சு அத்தோடு படுத்துவிடும். அதற்குப் பதிலாக: "இந்த இடத்தில் அவளுக்குத் தெரியாமல் இருந்த விஷயம் எது? தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாள்?"

ஒரு கதையை அருகில் வைத்துப் பார்ப்போம்: கண்மாய்க் கரை

எட்டாம் வகுப்பு அறிவியலில் விசையும் அழுத்தமும் பாடத்துக்காக எழுதப்பட்ட கதையின் ஒரு துண்டு:

"பத்து மணிக்கு மழை விட்டுவிட்டது. கலுங்கில் தண்ணீர் விழுகிற இரைச்சல் தெரு வரைக்கும் கேட்டது. தாத்தா கரையின் வயல் பக்கம் இறங்கிக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். மேலே கரை சும்மா நனைந்திருந்தது, அவ்வளவுதான். அடியில், ஒரு கை அகலத்துக்கு மண் பொதுபொதுவென்று ஊறி, நடுவில் தண்ணீர் விரல் கனத்துக்கு வந்துகொண்டிருந்தது.

'தெளிவா வருதா, கலங்கலா வருதா? நல்லாப் பாரு.'

பேச்சியம்மா உள்ளங்கையில் ஏந்தி டார்ச் அடித்தாள். 'கலங்கலாத்தேன் வருது தாத்தா.'

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. மடையைத் திறந்துவிட்டால் கண்மாய் இறங்கும். ஆனால் மடைக்குக் கீழே பத்து நாளில் அறுக்க வேண்டிய நெல் நிற்கிறது, அதில் அவர்கள் வயல் ஒன்று, மற்றவர்கள் வயல் முப்பது."

நிறுத்தம் இங்கே. பிள்ளைகள் எழுதும் பதில்கள் பெரும்பாலும் மூன்று வகையாக வரும்: மடையைத் திற, ஓட்டையை அடை, ஊரைக் கூப்பிடு. ஓட்டையை அடை என்றவர்களிடம் "எந்தப் பக்கம் அடைப்பாய்?" என்று கேளுங்கள். வகுப்பு அங்கேதான் பாடத்துக்குள் நுழையும். வயல் பக்கம் வெறும் மண்ணை அப்பினால் உள்ளிருந்து தள்ளுகிற தண்ணீர் அதையும் தள்ளிக்கொண்டு வந்துவிடும். அடியில் அழுத்தம் அதிகம், ஏனென்றால் அதற்கு மேல் நிற்கிற தண்ணீரின் உயரம் அதிகம். கரை அடியில் அகலமாக இருப்பதற்கும் கசிவு மேலே வராமல் அடியில் வந்ததற்கும் காரணம் இதில் வந்துவிடும்.

ஆசிரியர் கையில் இருக்க வேண்டிய விவரம் இன்னும் கொஞ்சம் உண்டு. தெளிந்த கசிவைவிடக் கலங்கல் கசிவு ஆபத்து, ஏனென்றால் கரைக்குள் இருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். நண்டு வளை, எலி வளை, மரத்தின் செத்த வேர் ஆகியவை இதற்கு வழி திறந்துவிடும். கசிவைச் சுற்றி வயல் பக்கம் மணல் மூட்டையை வளையமாக அடுக்கினால், வளையத்துக்குள் தண்ணீர் உயர்ந்து நிற்கும். இரண்டு பக்கத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் குறையும், அரிப்பும் மட்டுப்படும். இந்த விடையை எந்தப் பிள்ளையும் தானாகச் சொல்லாது. ஆனால் கதையின் முடிவில் தாத்தா மூட்டையை வளையமாக அடுக்கச் சொல்லும்போது, அது ஏன் வேலை செய்கிறது என்று விளக்க ஏழெட்டுப் பேராவது முன்வருவார்கள். வகுப்பு முடிவதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கண்மாய் நிறைந்திருக்கும்போது பிள்ளைகள் யாரும் கரைக்குப் போகக் கூடாது. கதையில் போனாள் என்பதற்காக வீட்டில் அடம்பிடிப்பவர்கள் உண்டு.

நெல்லா, கரையா என்ற வாதம் சூடுபிடித்தால் தடுக்காதீர்கள். அறிவியல் ஆசிரியருக்கு அது வேலையில்லாத வேலையாகத் தோன்றலாம். அழுத்தம் பற்றிய வரி நினைவில் நிற்பது அந்த வாதத்தின் சூட்டில்தான்.

படி 5: கதை எது, உண்மை எது

கதையைப் பாடத்துக்குப் பயன்படுத்துவதில் உள்ள பெரிய ஆபத்து இது: கதை நன்றாக ஒட்டிக்கொள்ளும், கற்பனையும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும். சரித்திரக் கதையில் வந்த ராஜகுமாரி உண்மையில் வாழ்ந்தவர் என்றே பெரியவர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு கதைக்கும் கடைசியில் நோட்டில் இரண்டு பத்தி இருக்க வேண்டும். இடது பக்கம் "கதையில் வந்தது", வலது பக்கம் "சரிபார்த்தது". சரிபார்த்தது எங்கே என்று பாடநூல் பக்க எண்ணையோ நூலகப் புத்தகத்தின் பெயரையோ எழுத வேண்டும். "கூகுள்" என்று எழுதினால் ஏற்க வேண்டாம்.

இதையே விளையாட்டாகச் செய்யும் முறை ஒன்று உண்டு, சமூக அறிவியலுக்கு இதைவிட நல்லது எங்களுக்குத் தெரியவில்லை. பிழையை வேண்டுமென்றே நட்டுவைத்த கதை. கீழடிக்கு ஒன்று இதோ:

"ஆதன் விழித்தபோது சூளையில் புகை அடங்கியிருந்தது. அம்மா உறைகிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். கூழுக்குத் தொட்டுக்கொள்ள இரண்டு பச்சை மிளகாய் எடுத்து வைத்திருந்தாள். அக்கா தக்களி சுற்றியபடியே மடியிலிருந்த நிலக்கடலையைக் கொறித்தாள். அவள் கழுத்தில் சூதுபவள மணி. தெருவில் பிள்ளைகள் சில்லு ஆடினார்கள், கிழவர்கள் பகடை உருட்டினார்கள். நேற்றுச் சுட்ட பானையின் தோளில் ஆதன் தன் பெயரைக் கீறினான். வணிகருக்குக் காட்ட வேண்டிய கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி இடுப்பில் செருகிக்கொண்டு, கொய்யாத் தோப்பு வழியாக வைகைப் பக்கம் நடந்தான்."

நட்ட பிழைகள் நான்கு. மிளகாய், நிலக்கடலை, கொய்யா மூன்றும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை, போர்ச்சுக்கீசியர் 1498இல் இந்தியாவுக்கு வந்த பிறகே இங்கே கால்பதித்தன. காகிதமும் அந்தக் காலத்தில் இங்கே கிடையாது. இதில் ஒரு சூட்சுமம்: பிள்ளைகள் பிழை என்று அடித்துச் சொல்வது பெரும்பாலும் உறைகிணற்றையும் பகடையையும் சூதுபவளத்தையும் பெயர் கீறியதையும்தான். அவை எல்லாம் அகழாய்வில் கிடைத்தவை. ஆதன் என்ற பெயரே கீழடிப் பானை ஓட்டில் தமிழி எழுத்தில் இருக்கிறது. மிளகாயை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை. "அப்போ காரத்துக்கு என்ன பண்ணுவாய்ங்க?" என்று ஒரு குரல் வரும். மிளகு அங்கே பாடத்துக்குள் வருகிறது, அதன் பின்னாலேயே ரோமானிய வணிகமும் வருகிறது.

நடும் பிழை நான்கு அல்லது ஐந்தோடு நிற்கட்டும். உண்மையான ஆனால் நம்ப முடியாத பொருட்கள் அதே எண்ணிக்கையிலாவது இருக்க வேண்டும். பிழை மட்டும் இருந்தால் பிள்ளைகள் குத்துமதிப்பாகக் கோடு போடுவார்கள். கைபேசி, பேருந்து மாதிரி பளிச்சென்று தெரியும் பிழை வேண்டாம், சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். விடைகளை அன்றே பலகையில் எழுதி முடித்துவிட வேண்டும். விடை சொல்லாமல் மணி அடித்துவிட்டால் கீழடியில் நிலக்கடலை விளைந்தது என்று பாதி வகுப்பு நம்பிக்கொண்டே வீட்டுக்குப் போகும். 2023 மார்ச் 5 அன்று திறந்த கீழடி அருங்காட்சியகம் மதுரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். கதைத்தாளோடு அங்கே கூட்டிப்போனால், காட்சிப்பெட்டி முன்னால் பிள்ளைகள் தாமாக நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதைப் பார்க்கலாம்.

படி 6: நடிப்பும் வழக்காடு மன்றமும்

நாடகம் போடுவது நல்லதுதான், ஆனால் ஒத்திகையே மூன்று பாடவேளையைத் தின்றுவிடும். வழக்காடு மன்றம் ஒரே பாடவேளையில் முடியும், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த வடிவமும் பழக்கம். எட்டாம் வகுப்பில் நீதித்துறை பற்றிய பாடத்துக்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைவிடப் பொருத்தமான கதை இல்லை. நடந்த இடமும் மதுரை.

பாண்டியன் கையில் இருந்த ஆதாரம் எவ்வளவு என்று முதலில் பட்டியல் போடுங்கள்: ஒரு பொற்கொல்லன் சொன்ன சொல், கோவலனிடம் இருந்த ஒற்றைச் சிலம்பு. அவ்வளவுதான். பிறகு ஐந்து பேர் கொண்ட குழு ஒவ்வொன்றும் "அரசன் கேட்காமல் விட்ட கேள்விகள்" என்று ஆறு எழுத வேண்டும். சிலம்புக்குள் என்ன பரல் என்று கேட்டிருந்தாலே போதும், மாணிக்கமா முத்தா என்று தெரிந்திருக்கும் என்பதை ஏதாவது ஒரு குழு கண்டிப்பாகப் பிடிக்கும். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிற அரசியலமைப்பின் 22ஆம் பிரிவை அப்போது பலகையில் எழுதுங்கள். கண்ணகி ஊரை எரித்தது சரியா என்று பேச்சு நழுவும், அதற்கு இன்னொரு நாள் ஒதுக்குவதாகச் சொல்லிவிட்டு வழக்குக்கு இழுத்து வாருங்கள்.

வேடம் கொடுப்பதில் ஒரு கட்டுப்பாடு. இழிவுபடுத்தப்படும் பாத்திரத்தை, இழிவுபடுத்தும் பாத்திரத்தை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். கதை முடிந்த பிறகும் அந்தப் பெயர் அவன் மேல் ஒட்டிக்கொள்ளும். விளையாட்டு மைதானத்தில் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்த வேடம் தேவைப்பட்டால் ஆசிரியர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பொருத்தமான கதை கிடைக்காவிட்டால்

நீங்களே எழுதலாம், 400 சொல் போதும். ஓர் ஆள், அவருக்கு இன்றைக்கே வேண்டியது ஒன்று, குறுக்கே நிற்பது ஒன்று. பாடத்தின் கருத்து அந்தக் குறுக்கீட்டை நீக்க உதவ வேண்டும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் காலை விலைக்கு வாங்கிய மல்லிகை சாயங்காலத்துக்குள் மலர்ந்துவிடும், அதற்குள் எந்த விலைக்கு விற்றால் நட்டமில்லை என்பது இலாப நட்டக் கணக்குக்கு ஒரு கதை. உரையாடலில் யாரும் தொடர்ந்து இரண்டு வாக்கியத்துக்கு மேல் விளக்கக் கூடாது. எழுதி முடித்ததும் பாடநூல் சொற்களை அடிக்கோடிடுங்கள். மூன்றுக்கு மேல் இருந்தால் அது இன்னும் பாடமாகத்தான் இருக்கிறது.

நூலகத்தில்

நூலகக் கூட்டம் வேறு மாதிரி. ஐந்து வயதும் பதினாலு வயதும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும், வருகைப் பதிவு கிடையாது, பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் சனியோ ஞாயிறோ காலை நேரம் தோதுப்படும். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்: விடுகதையில் 5 நிமிடம், கதை 12 நிமிடம், பேச்சு 10, வரைவதும் எழுதுவதும் 15, மீதி நேரம் முழுவதும் புத்தகம் எடுக்க. கடைசியில் வரும் அந்த நேரத்துக்காகத்தான் மற்றது எல்லாம். அதை அவசரத்தில் வெட்டிவிட்டால் கதை கேட்டதோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சிறியவர்கள் வரையும்போது பெரிய பிள்ளைகள் கதையின் முடிவை மாற்றி எழுதலாம். மரத்தடியில் நடத்தினால் அரைவட்டமாக உட்கார வையுங்கள். வெயில் வாசிப்பவர் முகத்தில் விழட்டும், பிள்ளைகள் முகத்தில் விழக் கூடாது.

நூலக அடுக்கில் கதை ஓரிடம், பறவைகள் ஓரிடம், வரலாறு இன்னோரிடம். பிள்ளைகள் அந்த இடைவெளியைத் தாண்டி நடப்பதில்லை. அதனால் கூட்டத்துக்கு முன் ஒரு மேசை போடுங்கள். நடுவில் அன்றைய கதைப் புத்தகம், சுற்றி அதே பொருளைப் பற்றிய அறிவு நூல்கள் நாலைந்து, ஒரு வரைபடம், எல்லாம் அட்டை தெரியும்படி. அரிட்டாபட்டி பற்றிக் கதை என்றால் வல்லூறு, சமணர் குகை, வட்டெழுத்து என்று மூன்று அடுக்கிலிருந்து புத்தகம் வந்து சேரும். எடுத்த இடத்தில் ஒரு துண்டுச்சீட்டு செருகிவைத்தால் திருப்பி அடுக்கும்போது திண்டாட்டமில்லை. மேசையை ஒரு வாரம் கலைக்காமல் வைத்து, எந்தப் புத்தகம் இரவல் போயிற்று என்று பதிவேட்டில் பாருங்கள். கதை மட்டும் போய் மற்றவை அப்படியே கிடந்தால், பேச்சின்போது நீங்கள் அவற்றைக் கையில் எடுத்துக் காட்டவில்லை என்று அர்த்தம்.

மதிப்பிடுவது

கதையை ஒப்பிக்கச் சொல்லி மதிப்பெண் போட்டால் அடுத்த கதைக்கு வழிகாட்டி நூல் வாங்கிவிடுவார்கள். மூன்றை மட்டும் கவனியுங்கள்: தன் கருத்துக்குக் கதையிலிருந்து ஒரு வரியைக் காட்டுகிறாளா, பாடத்தின் கருத்தைத் தன் வாக்கியத்தில் சொல்கிறாளா, கற்பனையையும் உண்மையையும் பிரிக்கிறாளா. ஒரு வகுப்பில் ஆறேழு பேரைக் குறித்தால் போதும், மாதத்தில் எல்லோரும் ஒருமுறை வந்துவிடுவார்கள்.

ஒரு வாரம் கழித்து, கதையைக் குறிப்பிடாமலே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் கீழ்வீட்டில் தண்ணீர் ஏன் வேகமாக வருகிறது? "பேச்சியம்மா கதையில வந்த மாதிரி சார்" என்று தொடங்கி அழுத்தத்தில் முடித்தால் சரி. பேச்சியம்மாவோடு நின்றுவிட்டால் கோக்கும் அந்த 7 நிமிடம் போதவில்லை. முழுக் கதையையும் திரும்ப வாசிக்க வேண்டாம். கசிவு அடியில் வந்த அந்த ஒரு பத்தியை மட்டும் வாசித்து, ஒரு பாட்டிலில் மேல், நடு, கீழ் என்று மூன்று துளை போட்டுத் தண்ணீர் ஊற்றிக் காட்டிவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேளுங்கள்.